டி.சி. கேட்டு வருகிற அன்றைக்கு

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். பத்தாம் வகுப்பிலோ பதினொன்றிலோ ஒரு பெண் மட்டும் வரவில்லை. பிறகு ஒருநாள் அவளுடைய அம்மாவும் சித்தப்பாவும் தலைமையாசிரியர் அறை வாசலில் வந்து நிற்பார்கள். "டி.சி.யக் குடுத்துருங்க சார். பிள்ளைய எங்க தங்கச்சி ஊர்ல சேக்கப் போறோம்." எந்தப் பள்ளி என்று கேட்டால் பதில் தெளிவாக வராது. மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, சேடபட்டி, கொட்டாம்பட்டிப் பக்கம் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே தெரியும். பிள்ளைக்குக் கல்யாணம் முடிந்திருக்கும், அல்லது மாசமாக இருப்பாள், அல்லது இரண்டும்.

அந்த டி.சி.யை அப்போதே எழுதி நீட்டுவதுதான் பள்ளி அவளுக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய கெடுதல் என்பது என் உறுதியான எண்ணம். டி.சி. போனதும் எமிஸில் (கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில்) அவள் பெயர் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். வேறு ஒரு பள்ளி அவளை எடுத்துக்கொள்ளும் வரை அங்கேயே கிடக்கும். பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களின் நாமினல் ரோலில் பெயர் வராது. பத்தாம் வகுப்பு வரை கிடைக்கும் சத்துணவும் முட்டையும் நிற்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கான தொடர்ச்சியும் அறுந்துபோகலாம். எல்லாவற்றையும் விட, அவளைத் தினமும் பார்க்கிற, 'ஏன் வரல?' என்று கேட்கிற ஒரே வெளியாள் இல்லாமல் போய்விடுவார்.

எட்டாம் வகுப்பு வரை டி.சி. கேட்டால் தாமதிக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அது இன்னொரு பள்ளியில் சேர்வதற்கான உரிமை. ஆகவே சேரப்போகும் பள்ளியின் பெயரை மனுவில் எழுதி வாங்குங்கள், அந்தப் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். அப்படி ஒரு சேர்க்கையே இல்லையென்று தெரிந்தால், அம்மாவை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேச வேண்டிய நேரம் அது. "டி.சி. எங்கயும் ஓடிப்போகாதும்மா. பேரு இங்கயே இருக்கட்டும். பிள்ளைக்கு உடம்பு முடியலைன்னா லீவு லெட்டர் குடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று தலைமையாசிரியர் சொன்னால் பாதிப் பேர் அந்தப் பேச்சைக் கேட்பார்கள். அவர்கள் பயப்படுவது பள்ளி தங்களை அவமானப்படுத்தும் என்பதற்காகத்தான். மாணவி கர்ப்பமானால் பள்ளியை விட்டு அனுப்ப வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தக் காரணத்துக்காகவும் வெளியேற்றவே கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது.

டி.சி. கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், பள்ளியை விட்டு விலகும் காரணம் என்ற கட்டத்தில் 'திருமணம்' என்றோ, நடத்தை என்ற கட்டத்தில் ஏதாவது குத்தலாகவோ எழுதாதீர்கள். அந்தத் தாள் வாழ்நாள் முழுக்க அவளோடு வரும்.

இதில் நாள்காட்டியைக் கவனிக்க வேண்டும். நம் பக்கம் கல்யாணங்கள் சித்திரை, வைகாசியில் கூடுகின்றன. பள்ளிக்கும் அதே மாதங்களில்தான் விடுமுறை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் பிரசவத் தேதி உத்தேசமாகக் கிடைக்கும். ஜூன் 10 என்றால் மார்ச் 17. அதாவது, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பரீட்சை எழுதுகிற மாதம். கோடை விடுமுறையில் கல்யாணமான பெண்ணுக்குப் பிரசவமும் பொதுத்தேர்வும் ஒன்றாக வந்து விழுவது தற்செயல் அல்ல. இதை ஜூலையிலேயே கணக்குப் போட்டுவிட்டால் செய்வதற்கு ஏழெட்டு மாதம் இருக்கிறது. ஜனவரியில் கண்டுபிடித்தால் ஒன்றுமே மிச்சமிருக்காது.

முதல் பேச்சை யார் பேசுவது என்பதைப் பள்ளி முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். ஒரே ஒரு ஆசிரியை, அந்தப் பெண் ஏற்கெனவே நம்புகிறவர், போதும். காலையில் மயங்கி விழுந்தாள், அடிக்கடி வாந்தி, ஓவர்கோட்டைக் கழற்றுவதே இல்லை, விளையாட்டு வகுப்பில் ஓரமாக நிற்கிறாள் என்பதெல்லாம் சந்தேகத்துக்குக் காரணமாகலாம், முடிவுக்குக் காரணமாகாது. ரத்தசோகையாலும் மயக்கமும் சோர்வும் வரும். பள்ளியில் வைத்துக் கர்ப்பச் சோதனை அட்டை வாங்கிப் பார்ப்பது, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, கூட இருக்கும் பெண்களை அழைத்து விசாரிப்பது எதுவும் வேண்டாம். "தாயி, உடம்புக்கு என்ன பண்ணுது? எங்கிட்டச் சொல்லணும்னு தோணுச்சுன்னா சொல்லு, திட்ட மாட்டேன்" என்பதோடு நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். 'யாரு? எப்போ? எங்க?' என்று கேட்பது பள்ளியின் வேலை இல்லை. ஆளுக்கு ஒருமுறை கேட்டு அவளை ஏழெட்டு முறை சொல்லவைத்தால், பிறகு சொல்ல வேண்டிய இடத்தில் வாயே திறக்க மாட்டாள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் அதே ஊர்க்காரர்கள்.

அடுத்தது சட்டம். இதில்தான் பள்ளிகள் மிகவும் தடுமாறுகின்றன.

18 வயது நிரம்பாத பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19-ன்படி காவல்துறைக்குத் தகவல் சொல்வது கட்டாயம். கல்யாணமாகிவிட்டது, இரு வீட்டுச் சம்மதம், பையன் தாய்மாமன் மகன் என்பதெல்லாம் இதை மாற்றாது. மனைவியே ஆனாலும் 18 வயதுக்குக் கீழ் என்றால் குற்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டது. தகவல் சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவருக்குத் தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை என்று 21ஆம் பிரிவு சொல்கிறது. எனவே 'நமக்கேன் வம்பு, டி.சி.யைக் கொடுத்து அனுப்பிடுவோம்' என்பது பள்ளிக்கும் பாதுகாப்பு இல்லை.

தகவல் சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆளைக் கூட வைத்துக்கொண்டு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பது, நேராக ஸ்டேஷன் வாசலில் போய் நிற்பதை விட நூறு மடங்கு மேல். வாக்குமூலம் வாங்க வரும் பெண் அதிகாரி சீருடையில் வரக் கூடாது. பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். இரவில் அவளைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கு விஷயம் போய்ச் சேர வேண்டும். வழக்கு முடியும் வரை கூடவே நிற்க ஒரு ஆதரவு நபரை அந்தக் குழு நியமிக்கலாம். அப்படி ஒருவர் வேண்டும் என்று பள்ளியே எழுதிக் கேளுங்கள். வகுப்பு நேரத்தில் ஜீப்பில் வந்து அழைத்துப்போவதை அனுமதிக்காதீர்கள். அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், மறுநாளிலிருந்து அவள் வர மாட்டாள்.

தலைமையாசிரியர்கள் இன்னொன்றையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். வழக்கில் வயதை முடிவு செய்ய முதலில் பார்ப்பது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோதான். அந்தத் தேதி வருவது பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து. 'ஒரு வருஷத்தைக் கூட்டி எழுதிக் குடுங்க சார்' என்று சொந்தக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் வருவார்கள். ஒரு எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. அந்தப் பதிவேட்டை நீதிமன்றத்தில் காட்டி நீங்களே சாட்சி சொல்ல வேண்டி வரும்.

வழக்கு வரும் என்ற பயத்தில் குடும்பம் செய்கிற மோசமான காரியம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்துவிடுவது, அல்லது போய் '19 வயசு' என்று பொய் சொல்வது. 16 வயது உடம்பை 19 என்று நினைத்து டாக்டர் பார்த்தால் கவனிக்க வேண்டியதெல்லாம் தவறிப்போகும். இந்த வயதில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்து, இருபதுகளில் பிள்ளை பெறும் பெண்களை விட அதிகம். குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் அதிகம். 15, 16-ல் இடுப்பெலும்பு இன்னும் முழுசாக வளர்ந்திருக்காததால் பிரசவம் தடைபடலாம். ஆகவே அம்மாவிடம் முதலில் பேச வேண்டியது வழக்கைப் பற்றி அல்ல. "கேஸ் எப்படி வந்தாலும் நாம பாத்துக்கலாம்மா. வயசை மட்டும் மறைக்காதீங்க, பிள்ளை உயிருக்கு ஆபத்து." இதைச் சொன்னபிறகுதான் மற்றவை.

கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்ற கேள்வியும் இருக்கிறது. அதைக் கேட்கவே விடாமல் மாதத்தை ஓட்டிவிடுகிறார்கள். 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் 20-லிருந்து 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு செய்யலாம். பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். 24 வாரம் தாண்டினால் பெரும்பாலும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருக்கும். இப்படிக் கருக்கலைப்புக்கு வரும்போது, பெண்ணும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் போலீசுக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயர், அடையாளத்தைச் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. இது தெரியாமல்தான் பலர் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு, ரத்தப்போக்கோடு நடுராத்திரியில் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். முடிவு அவளுடையது. ஆசிரியை செய்ய வேண்டியது வாரக் கணக்கைச் சொல்வது மட்டும்.

தொடர்வது என்று ஆனால், கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி நம்பர் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அலைய நேரும். பரிசோதனை குறைந்தது நான்கு தடவை: 12 வாரத்துக்குள், 14-26, 28-34, 36-க்குப் பிறகு. ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் டாக்டரே பார்க்கும் கர்ப்பிணிகள் முகாம் நடக்கும். அந்த நாளில் அவளுக்கு வருகையைப் பற்றிய கேள்வியே இருக்கக் கூடாது.

கர்ப்பிணிக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. நம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் கர்ப்பத்துக்கு முன்பே அதற்குக் கீழே இருக்கிறார்கள். நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை (60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்), 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பிள்ளைகள் மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இயல்புதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பயம் போய்விடும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்தால் குமட்டல் தெரியாது. டீயோடு போடக் கூடாது. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு உடம்பில் சேராது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரை வேறு. நர்சம்மா தரும் தினசரி மாத்திரையைச் சாப்பிடுகிறவளுக்கு அது தேவையில்லை.

குடற்புழு நீக்க நாளில் மட்டும் கூடுதல் கவனம். அல்பெண்டசோல் மாத்திரையை வரிசையில் நிற்கவைத்து எல்லோர் வாயிலும் போடுவார்கள். முதல் மூன்று மாதத்தில் அதைச் சாப்பிடக் கூடாது. கர்ப்பம் என்று சொல்லவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் நிற்கும் பெண்ணுக்கு ஒரு வழி வேண்டும். 'வேற மருந்து சாப்பிடுறவங்க, உடம்பு சரியில்லாதவங்க இன்னைக்கு வேணாம், நர்சம்மாகிட்டப் பிறகு வாங்கிக்கலாம்' என்று வகுப்புக்கே பொதுவாகச் சொல்லிவிட்டால் போதும்.

இனி கழிவறை. சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பள்ளி நாளில் அவளுக்கு உண்டாகும் கெடுதலில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. கர்ப்பப்பை சிறுநீர்ப்பையை அழுத்துவதால் முக்கால் மணிக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கும். வகுப்பு நடுவே கைதூக்கினால் பையன்கள் சிரிப்பார்கள், கழிவறையில் தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இருக்காது. அதனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவாள், நாலரை மணி வரை அடக்கிவைத்திருப்பாள். சிறுநீரில் கிருமி சேர்ந்து, காய்ச்சல் வந்து, அது குறைமாதப் பிரசவத்தில் போய் முடியலாம். வழி என்னவென்றால், கேட்காமலே எழுந்து போகலாம் என்று அனுமதி (வகுப்பில் எல்லாப் பெண்களுக்கும் கொடுத்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது), வாசலுக்குப் பக்கத்து பெஞ்சு, ஆசிரியைகள் பயன்படுத்தும் கழிவறையின் சாவி, ஒரு லிட்டர் பாட்டிலை மதியத்துக்குள் ஒருமுறை, மாலைக்குள் இன்னொருமுறை காலிசெய்யச் சொல்வது. ஏழாம் மாதத்துக்கு மேல் குந்தி உட்கார்ந்து எழுவது கஷ்டம், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்துக்கொடுக்கலாம்.

வகுப்பு மாடியில் என்றால் அந்தப் பிரிவையே கீழே மாற்றுங்கள், அவளை மட்டும் மாற்றாதீர்கள். ஆய்வகத்தில் அமிலப் புகை வரும் பரிசோதனைகளில் அவள் குறிப்பெடுக்கட்டும், கலவையை வேறொருவர் கையாளட்டும். கபடி, நீளம் தாண்டுதல், சூரிய வெயிலில் நிற்கும் காலை அணிவகுப்பு வேண்டாம், நடப்பது நல்லது. வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால், அவளுக்கு முன்பு போட்டிருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் அன்றே டாக்டரிடம் அனுப்புங்கள்.

சாப்பாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் கர்ப்பிணிக்கு அந்த முட்டை இல்லை. ஆனால் கர்ப்பிணி என்ற முறையில் ஊர் அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க அவளுக்கு உரிமை உண்டு. வெட்கப்பட்டு யாரும் போய் வாங்குவதில்லை, அவளுடைய அம்மா போய் வாங்கட்டும். காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிறவளுக்கு, பதினொரு மணிக்கு இரண்டு கடலை மிட்டாயும் ஒரு கொய்யாக்காயும் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த இடைவேளை இல்லாமல் மூன்றாவது பீரியடில்தான் மயக்கம் வருகிறது.

கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, மேல்வயிற்றில் வலி, ரத்தம் அல்லது நீர் போவது, குழந்தை அசைவு குறைவது: இவற்றில் எது வந்தாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். அவளுடைய ரத்த வகை, பிக்மி நம்பர், பதிந்திருக்கும் ஆஸ்பத்திரி ஆகிய மூன்றையும் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு அந்த ஆசிரியையின் கைப்பையில் இருக்கட்டும்.

படிப்புக்கு வருவோம். பிரசவம் மார்ச்சில் என்றால் பாடங்களை டிசம்பருக்குள் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் எட்டாம் மாதத்துக்கு மேல் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து எழுதவே இடுப்பு விடாது. எல்லாப் பாடத்தையும் சமமாக இழுக்காதீர்கள். எதில் பாஸ் மார்க் உறுதியோ அதை அப்படியே விட்டுவிட்டு, கணக்கிலும் ஆங்கிலத்திலும் நேரத்தைப் போடுங்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு முன்பே அது நடந்துவிடும். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் 25-ம் போச்சு. ஆகவே அவளை முதல் அணியில் போடச் சொல்லுங்கள்.

நாமினல் ரோல் போகும்போது அவள் பெயர் இருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். வருகை குறைவாக இருந்தால் மருத்துவச் சான்றோடு முதன்மைக் கல்வி அலுவலருக்கு முன்கூட்டியே எழுதுங்கள். தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் தரைத்தளம், வாசலோர இருக்கை, தண்ணீர் பாட்டில், கழிவறைக்குப் போகும்போது துணைக்கு ஒரு பெண் கண்காணிப்பாளர் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது அன்றைக்கு நினைவில் இருக்காது. பிரசவம் தேர்வு நாளிலேயே வந்துவிட்டால் ஒன்றும் முழுகிவிடாது. எழுதியவரை எழுதட்டும், மீதியை ஜூன்-ஜூலை துணைத்தேர்வில் எழுதலாம். இதை அவளிடம் முன்னாலேயே சொல்லி வைத்தால், வலியை மறைத்துக்கொண்டு ஹாலில் உட்காரும் விபரீதம் நடக்காது.

பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் ஓய்வு. சிசேரியன் என்றால் தையல் ஆறும் வரை, டாக்டர் சொல்லும் வரை இன்னும் கொஞ்சம். அந்த வாரங்களில் வாரம் ஒருமுறை ஒரு தோழி நோட்டுகளோடு போய் வரட்டும். பாடத்தை விட அந்தப் போக்குவரத்துதான் அவளைத் திரும்ப வரவைக்கும்.

திரும்பி வரும்போது முதல் கேள்வி, குழந்தையை யார் பார்ப்பது? அங்கன்வாடியில் இரண்டு வயதுக்கு மேல்தான் எடுப்பார்கள். ஆக, அம்மாயியோ அப்பத்தாவோ மாமியாரோதான். அவர்களும் கூலிக்குப் போகிறவர்கள். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகும் பாட்டி விடியுமுன் போய் ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் திரும்பிவிடுவார். அதாவது, முதல் பீரியடு மட்டும்தான் சிக்கல். அவளுக்கு அரை மணி தாமதமாக வர அனுமதித்தால் மொத்த நாளும் கிடைக்கும். களையெடுப்புக்குப் போகும் பாட்டி என்றால் மாலை வரை ஆகும், அந்த வாரங்களுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும். இந்த அளவுக்கு இறங்கி நேரக் கணக்குப் போடாமல் 'வந்து படி' என்று சொல்வதில் பயனில்லை.

இரண்டாவது, பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். பள்ளிக்கு வந்து நாலு மணி நேரம் கொடுக்காமல் இருந்தால் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், சட்டை நனையும், கவனிக்காமல் விட்டால் காய்ச்சலும் சீழும். பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இருபது நிமிடம், தாழ்ப்பாள் உள்ள ஒரு அறை போதும். கழிவறை கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவி, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது, புண்ணாகும். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் வராது, பயந்து நிறுத்திவிடக் கூடாது. விரல்களைச் சுற்றிச் சுற்றி மாற்றி வைத்தால் எல்லாப் பக்கமும் இளகும். வெந்நீரில் கொதிக்கவைத்த மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் பிடிக்கலாம். நம் வெயிலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்த பால் வேண்டாம். வீட்டில் காலையில் பீய்ச்சி வைத்துவிட்டு வருவதைப் பாட்டி பாலாடையில் புகட்டட்டும். பாட்டில் வேண்டாம், கழுவுவதில் தவறினால் வயிற்றுப்போக்கு. பத்தாம் வகுப்புத் தேர்வு 10 மணிக்குத் தொடங்கி 1.15-க்கு முடிகிறது. ஒன்பதரைக்கு மைய வாசலில் வைத்துப் பால் கொடுத்துவிட்டு உள்ளே போனால் சமாளிக்கலாம். மடித்த பருத்தித் துணி இரண்டை உள்ளே வைத்துக்கொள்ளட்டும்.

தடுப்பூசி நாள் புதன்கிழமை. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் வரும் புதன்களில் அவள் வர மாட்டாள், ஊசி போட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்று வியாழனும் வராமல் போகலாம். அந்த நாட்களில் தேர்வு வைக்காதீர்கள்.

இரண்டாவது பிள்ளை உடனே வந்துவிட்டால் படிப்பு உண்மையிலேயே முடிந்துவிடும். இதைப் பேச எல்லோரும் தயங்குகிறார்கள், ஆனால் ஆறாவது வாரத்திலேயே பேசியாக வேண்டும். கருத்தடைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தாரா ஊசியும், ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும், காப்பர் டி-யும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மூன்றுமே பால் கொடுக்கும் தாய்க்கு ஆகும். பெண்ணிடம் தனியாகவும், மாமியார் இருந்தால் அவரிடம் தனியாகவும் நர்சம்மா பேசினால் நடக்கும். பிரசவம் முடிந்து இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகிறாள், குழந்தையைத் தூக்கவே மாட்டேன் என்கிறாள் என்றால் அது சோம்பல் இல்லை, மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்துப் பேசலாம், பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் கூட்டிப்போகலாம்.

பணத்தைப் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் 19 வயது நிரம்பியவர்களுக்குத்தான். அதை நம்பிக் குடும்பம் கடன் வாங்கிவிடக் கூடாது. அவளுக்கு வேறு வழிகள் உண்டு. போக்சோ சிறப்பு நீதிமன்றம் வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடு தரலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவில் தகுதி உள்ளவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணில் கேட்கலாம். கல்யாணத்தை ரத்து செய்ய அவள் நினைத்தால், 18 வயதான பிறகும் இரண்டு ஆண்டு வரை மனு போடலாம். அப்படி ரத்தானாலும் குழந்தை சட்டப்படி முறையான குழந்தைதான். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், தகப்பன் பெயரைச் சொல்ல விரும்பாத தாய்க்குப் பிறப்புச் சான்றிதழை மறுக்கக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வளர்க்க முடியாது என்ற நிலையில் குழந்தைகள் நலக் குழு முன்பு ஒப்படைக்கலாம், மனம் மாறினால் 60 நாளுக்குள் திரும்பப் பெறலாம். தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் நம் மாவட்டத்துக்கு வந்தது பெண் சிசுக்கொலையைத் தடுக்கத்தான் என்பது உசிலம்பட்டிக்காரர்களுக்குத் தெரியும். யாரோ தெரிந்தவர் 'வளக்கக் கேக்குறாங்க' என்று வந்தால் கொடுக்கக் கூடாது, அது குற்றம்.

ஏற்கெனவே டி.சி. வாங்கிப் போய்விட்ட பெண்களுக்கும் வழி மூடிவிடவில்லை. எமிஸ் காமன் பூலில் பழைய எண்ணைத் தேடி எடுத்து அதே பள்ளியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். வகுப்புக்கு வரவே முடியாது என்றால், 14½ வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் முன்பே பதிய வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தேர்வு நடக்கும், ஒவ்வொரு பாடமாக ஐந்து ஆண்டு வரை முடிக்கலாம். கைக்குழந்தைக்காரிக்கு அது நல்ல வசதி. போன ஆண்டு டி.சி. பதிவேட்டை எடுத்து, 14-லிருந்து 18 வயதுக்குள் விலகிய பெண்களின் பெயர்களைக் காமன் பூலோடு ஒத்துப்பாருங்கள். இன்னும் அங்கேயே கிடக்கிற பெயர்கள் யாருடையவை என்று அந்தந்த ஊர் நர்சம்மாவிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.